குவெட்டில் மாறும் பிணைப்பு இரத்தத்திலும் மாறுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தங்க நானோ துகளைச் சேர்த்தால், இரத்தத்தில் மருந்துகளைச் சுமக்கும் அல்புமின் என்ற புரதத்தோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து பிணையும் வலிமை குறைகிறது என்று பல ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. எம்.ஃபார்ம் ஆய்வேட்டுக்காக நீங்களும் அதையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். இதய வால்வு மாற்றிய உங்கள் அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். நாளை அவருக்கு ஏதாவது ஒரு நானோ மருந்து ஏற்ற நேர்ந்தால், அல்புமினை விட்டு வார்ஃபரின் கழன்று இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடுமா?

அந்த வழியில் விடாது என்பதே என் பதில். நானோ துகள் அல்புமினை ஒன்றும் செய்வதில்லை என்று இதற்குப் பொருள் இல்லை, செய்கிறது. ஆனால் குவெட்டுக்குள் (ஒளி அளவீட்டுக்காகக் கரைசலை ஊற்றும் சிறு கலம்) பெரிதாகத் தெரியும் அந்த விளைவு, இரத்தத்தில் உள்ள அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் காணாமல் போகிறது. நானோ மருந்து உண்மையிலேயே கணக்கைப் புரட்டிப்போடும் இடங்கள் வேறு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அல்புமின். 585 அமினோ அமிலங்கள் கொண்ட, ஏறத்தாழ 66,500 டால்டன் எடையுள்ள புரதம். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் மோலார் கணக்கில் சுமார் 600 மைக்ரோமோலார். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது. மருந்துகள் போய் உட்காரும் முக்கியமான குழிகள் அதில் இரண்டு. 1970-களின் நடுவில் சட்லோ, பர்கெட், வேட் ஆகிய மூவரும் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். வார்ஃபரின் முதல் தளத்துக்குப் போகும். ஐபுபுரூஃபனும் டயசெபாமும் இரண்டாம் தளத்துக்கு. கொழுப்பு அமிலங்களுக்கென்று வேறு ஏழு இடங்கள் இருக்கின்றன, அவற்றில் சில இந்த இரண்டு தளங்களோடு மோதிக்கொள்ளவும் செய்யும். மனித அல்புமினில் டிரிப்டோஃபேன் ஒன்றே ஒன்றுதான். 214-ஆவது இடத்தில், முதல் தளத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. அதன் ஒளிர்வு மங்குவதைப் பார்த்தே முதல் தளத்தில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிவதால்தான் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் இந்தச் சோதனையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இனி நானோ துகள். பிளாஸ்மாவில் விழுந்த அரை நிமிடத்துக்குள்ளாகவே அதன் மேல் புரதங்கள் படிந்துவிடுகின்றன. 2007-இல் டப்ளின், லுண்ட் ஆய்வாளர்கள் இந்தப் படிவுக்குப் புரோட்டீன் கொரோனா என்று பெயரிட்டார்கள். முதலில் வந்து ஒட்டுவது எண்ணிக்கையில் மிகுந்த அல்புமின் போன்றவை. பின்னர் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பிடிப்பு வலுவான புரதங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். இந்த இடமாற்றம் கண்ணாடிப் பரப்புகளில் 1960-களிலேயே லியோ வ்ரோமன் கண்டது. துகளோடு இறுக ஒட்டிய உள்ளடுக்கு மணிக்கணக்கில் நிற்கும். மேலடுக்கு வருவதும் போவதுமாக இருக்கும்.

அப்படி ஒட்டிய அல்புமினின் மருந்துப் பிணைப்பு ஏன் மாறுகிறது? சில வேளைகளில் குழியின் வாயே துகளின் பக்கம் திரும்பி அடைபட்டுப்போகும். சில வேளைகளில் புரதத்தின் மடிப்பு தளர்ந்து குழியின் வடிவம் கெடும். அல்புமினில் மூன்றில் இரண்டு பங்கு ஆல்ஃபா சுருள், அது குறைவதைப் புரதத்தின் மடிப்பைக் காட்டும் வட்ட இருநிறமைக் கருவியில் பார்க்கலாம். நேர்மின் சுமை கொண்ட துகள்களில் இந்தத் தளர்வு அதிகம் என்றும், அப்படிக் குலைந்த அல்புமினைச் செல்கள் வழக்கமான ஏற்பிகளால் பிடிக்காமல் கழிவகற்றும் ஏற்பிகளால் பிடிக்கின்றன என்றும் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: மருந்தே நேராகத் துகளின் மேல் ஒட்டிக்கொள்வது. அப்போது அல்புமினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கரைசலில் மருந்து குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வரைபடம் பிணைப்பு மாறிலி (பிணைப்பின் வலிமையைச் சொல்லும் எண்) குறைந்ததாகவே காட்டும்.

வெள்ளியும் துத்தநாக ஆக்சைடும் தனி வகை. அவை கரைந்து அயனிகளை வெளிவிடும். வெள்ளி அயனி 34-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தைப் பிடிக்கும். துத்தநாகத்தைப் பிளாஸ்மாவில் சுமப்பதே பெரும்பாலும் அல்புமின்தான். எனவே இந்தத் துகள்களை வைத்து ஆராய்பவர், தான் பார்ப்பது துகளின் வேலையா அயனியின் வேலையா என்று தெளிவுபடுத்தாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை.

சரி, அளவுக்கு வருவோம். 20 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றின் பரப்பு சுமார் 1,250 சதுர நானோமீட்டர். அல்புமின் ஏறக்குறைய 8 நானோமீட்டர் பக்கமும் 3 நானோமீட்டர் தடிமனும் உள்ள முக்கோணப் பலகை போன்றது. படுக்கையாக ஒட்டினால் ஒன்றுக்கு 28 சதுர நானோமீட்டர் தேவைப்படும். ஆக, ஒரு துகளில் 45 மூலக்கூறுகள். தாராளமாக 50 என்றே வையுங்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் திராட்சை ரச நிறத்தில் இருக்கிறதே, 520 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு 1-ஐ ஒட்டிக் காட்டும் அந்தக் கரைசல், அதில் துகளின் செறிவு ஏறத்தாழ 1 நானோமோலார்தான். அந்த அளவு துகளை ஒருவரின் பிளாஸ்மா முழுவதிலும் நிரப்புவதாகக் கற்பனை செய்துகொள்வோம். 3 லிட்டர் பிளாஸ்மாவுக்குச் சுமார் 150 மில்லிகிராம் தங்கம் வேண்டும். அவை பிடித்துவைக்கும் அல்புமின் 50 நானோமோலார். இருப்பதோ 6,00,000 நானோமோலார். பன்னிரண்டாயிரம் பேர் கூடிய தேர்த்திருவிழாவில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பியதைப் போன்றது இது.

இதை மருந்தின் கணக்கில் வைத்துப் பாருங்கள். புரதத்தோடு பிணையாத, கட்டற்ற மருந்தின் பங்கு என்பது, பிணைப்பு மாறிலியை அல்புமின் செறிவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது. வார்ஃபரினுக்குப் பிணைப்பு மாறிலி மோலாருக்கு 2 லட்சம் என்று வைத்தால் பெருக்கல் 120 வரும்; கட்டற்ற பங்கு 121-இல் ஒன்று, அதாவது 0.8 விழுக்காடு. வார்ஃபரின் 99 விழுக்காடு புரதத்தோடு பிணைந்திருக்கிறது என்று பாடநூல் சொல்வது இதுதான். பிளாஸ்மாவின் அல்புமின் முழுவதும் நானோ துகளால் கெட்டு, பிணைப்பு மாறிலி பாதியாகிவிட்டால் கட்டற்ற பங்கு 1.6 விழுக்காடாகும், அது பெரிய மாற்றம். ஆனால் 12,000-இல் ஒரு மூலக்கூறுதான் கெடுகிறது. எண்ணில் நான்காவது தசம இடத்தில்கூட அசைவு தெரியாது.

இதற்கு எதிர்வாதமாக, சிரை வழியே ஏற்றும் இரும்பு மருந்துகளைக் காட்டலாம், நியாயமான கேள்விதான். ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகளை ஒரு முறைக்கு 510 மில்லிகிராம் இரும்பு என்ற அளவில் கொடுக்கிறார்கள். துகளின் எண்ணிக்கை தங்கத்தைவிடப் பல நூறு மடங்கு. அதன் மேலுள்ள சர்க்கரை உறை புரதத்தை அண்டவிடாது என்பதை ஒதுக்கிவிட்டு, முழுப் பரப்பிலும் அல்புமின் ஒட்டுவதாகவே கணக்கிட்டாலும் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ரோட்டிக் நோயாளிக்கு அல்புமின் பாதியாகவே குறைந்துவிடுகிறது. அதை மருத்துவர்கள் அன்றாடம் சமாளிக்கிறார்கள். ஒரே ஒரு விலக்கு சொல்லலாம். லிடோகெயின், புரோபிரனலால் போன்ற கார மருந்துகள் விரும்பிப் பிடிப்பது ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதத்தை. அதன் அளவு அல்புமினில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அங்கே துகளின் கை சற்று ஓங்கும்.

அப்படியானால் குவெட்டில் மட்டும் ஏன் அவ்வளவு பெரிய மாற்றம்? ஒரு காரணம் வெளிப்படை: அங்கே அல்புமின் 1 அல்லது 2 மைக்ரோமோலார்தான், இரத்தத்தில் உள்ளதில் முந்நூறில் ஒரு பங்கு. இன்னொரு காரணம் எரிச்சலூட்டுவது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தங்கத் துகள் 520 நானோமீட்டரில் மட்டுமல்ல, புற ஊதாவிலும் ஒளியை நன்றாக உறிஞ்சும். நீங்கள் 295 நானோமீட்டரில் ஒளி பாய்ச்சி 340-இல் ஒளிர்வை அளக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் துகளின் உட்கவர்வு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் ஒளியும் குறைகிறது, வெளியே வரும் ஒளியும் குறைகிறது. திருத்தம் எளிது: இரண்டு உட்கவர்வையும் கூட்டி, பாதியாக்கி, பத்தின் அடுக்காக வைத்து, அளந்த ஒளிர்வோடு பெருக்க வேண்டும். 0.3-க்கு அந்தப் பெருக்கெண் 2. அதாவது ஒரு அல்புமின்கூடத் துகளைத் தொடாமலேயே உங்கள் ஒளிர்வு பாதியாகிவிடும்!

இதைத் திருத்தாமல், துகளின் செறிவு கூடக் கூட ஒளிர்வு மங்குவதைக் காட்டும் ஸ்டெர்ன்-வோல்மர் கோடு வரைந்தால் அழகான நேர்கோடு வரும். சாய்விலிருந்து கிடைக்கும் தணிப்பு வேக மாறிலி, மூலக்கூறுகள் கரைசலில் விரவி மோதுவதற்குரிய உச்ச எல்லையான 2×10^10-ஐப் பல கோடி மடங்கு தாண்டும். உடனே ‘நிலைத் தணிப்பு (மோதலால் அல்ல, ஒட்டிக்கொள்வதால் வரும் மங்கல்), ஆகவே வலுவான பிணைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். பெரிய துகளுக்கு அந்த எல்லை சற்றுக் கூடும் என்றாலும் அந்த வாதம் நிற்காது. வெறும் கறுப்பு மையை ஊற்றினாலும் அதே முடிவுதான் கிடைக்கும். இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது செய்முறைப் பகுதியில் மேலே சொன்ன இந்த உள்வடிப்புத் திருத்தம் செய்ததாக ஒரு வரி இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் அட்டவணையில் உள்ள பிணைப்பு மாறிலிகளை நான் படிப்பதே இல்லை.

இன்னொரு பொறி உப்பு. சிட்ரேட் பூசிய தங்கத்தை நேராகப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊற்றினால் சிவப்பு மறைந்து நீல ஊதா நிறம் வந்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன என்று பொருள். முதலில் அல்புமினைக் கலந்து சிறிது நேரம் வைத்துவிட்டு உப்பைச் சேர்த்தால் சிவப்பு அப்படியே நிற்கும். நிறமாலையின் உச்சி சில நானோமீட்டர் மட்டும் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். அந்தச் சிறு நகர்வுதான் புரதம் உண்மையிலேயே ஒட்டியதற்கு உங்களிடம் உள்ள நேர்மையான சாட்சி. மங்கிய ஒளிர்வைவிட அதை நான் அதிகம் நம்புவேன்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். நானோ துகள் உண்மையிலேயே வார்ஃபரினைக் கழற்றிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அதனால் ஆபத்து வருமா? வார்ஃபரினோடு ஃபினைல்பியூட்டசோன் என்ற மூட்டுவலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கடுமையான இரத்தக் கசிவு ஏற்படுவதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். இரண்டும் அல்புமினின் ஒரே தளத்துக்குப் போட்டியிடுபவை என்பதால், இடம் பறிபோன வார்ஃபரின்தான் காரணம் என்று பாடநூல்கள் எழுதின. 1970-களில் உண்மை வெளிவந்தது: வார்ஃபரினின் வலுவான பாதியான எஸ்-வடிவத்தைக் கல்லீரல் சிதைப்பதை ஃபினைல்பியூட்டசோன் தடுத்துவிடுகிறது. கழன்ற மருந்தால் வந்த வினை அல்ல அது. பொதுவாக, கழன்ற மருந்து திசுக்களுக்குள் பரவிவிடும். கல்லீரலும் கூடுதலாகச் சிதைக்கும். சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் கட்டற்ற மருந்தின் அளவு பழைய நிலைக்கே வந்துவிடும். 2002-இல் பெனெட், ஹோனர் இருவரும் இதை மருந்து மருந்தாகப் பரிசீலித்து, புரதப் பிணைப்பு மாற்றத்தால் மருத்துவ விளைவு வருவது அபூர்வம் என்று நிறுவினார்கள்.

அபூர்வம், இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1950-களில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்த சல்ஃபைசாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, அல்புமினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைத் தள்ளிவிட, அது மூளையில் படிந்து குழந்தைகள் இறந்தார்கள். இன்றும் மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரையாக்சோன் தவிர்க்கப்படுவது இந்த அச்சத்தால்தான். அங்கே ஆபத்துக்குக் காரணம், கழன்ற பிலிருபினை வெளியேற்றும் திறன் அந்தக் கல்லீரலுக்கு இன்னும் வராததும், அல்புமினே குறைவாக இருப்பதும்.

இனி நானோ மருந்து உண்மையில் கணக்கைப் புரட்டும் இடம். வெளியிலிருந்து வரும் துகள் பிற மருந்தின் பிணைப்பைக் கெடுப்பதைவிட, தான் சுமந்துவரும் மருந்தின் பிணைப்பைத்தான் அது தலைகீழாக்குகிறது. லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்சில் என்பது வணிகப் பெயர். சாதாரண டாக்சோரூபிசின் இரத்தத்தில் நுழைந்ததும் முக்கால் பங்கு புரதத்தோடு பிணையும், மீதி திசுக்களுக்குள் பாயும். அதன் பரவல் கன அளவு (மருந்து எந்த அளவுக்குத் திசுக்களுக்குள் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண்) உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 700 லிட்டருக்கும் மேல். டாக்சிலுக்கு அதே எண் 3 லிட்டருக்கும் குறைவு. மருந்து பிளாஸ்மாவை விட்டு வெளியே போகவே இல்லை. பிளாஸ்மாவில் அளக்கும் மருந்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் லிப்போசோமுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. அல்புமினுக்கு அங்கே வேலையே இல்லை. வழக்கமான முறையில் மொத்த மருந்தை மட்டும் அளப்பவர், நோயாளிக்கு எக்கச்சக்கமாக மருந்து ஏறிவிட்டதென்று பதறுவார்.

பாக்லிடாக்சலின் கதை இதைவிடச் சுவையானது. தண்ணீரில் கரையாத இந்தப் புற்றுநோய் மருந்தை முதலில் கிரெமோஃபோர் என்ற ஆமணக்கெண்ணெய் வழிப் பொருளில் கரைத்துக் கொடுத்தார்கள். கிரெமோஃபோர் இரத்தத்திலும் மிசெல் என்ற நுண்ணிய உருண்டைகளாகவே சுற்றும். பாக்லிடாக்சலைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு விடவே விடாது. 2005-இல் வந்த அப்ராக்சேன், மருந்தை அல்புமினோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியது. அல்புமின்தான் மருந்தைப் பிடித்துவைக்கிறதே, கட்டற்ற மருந்து குறையத்தானே வேண்டும்? நடந்தது நேர்மாறு. இந்தத் துகள் இரத்தத்தில் விரைவாகவே கலைந்து தனித்தனி அல்புமின்-மருந்து இணைகளாகிவிடுகிறது. கிரெமோஃபோர் என்ற சிறை இல்லாததால், கட்டற்ற பாக்லிடாக்சலின் பங்கு பழைய மருந்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடியது. நானோ துகள் புரதப் பிணைப்பை மாற்றியதற்கு மனிதரில் அளந்து காட்டிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

படியும் புரதம் உதவிய கதையும் உண்டு, கெடுத்த கதையும் உண்டு. 2018-இல் அனுமதி பெற்ற படிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்தின் கொழுப்புத் துகள், இரத்தத்தில் அப்போ-ஈ புரதத்தைப் போர்த்திக்கொள்வதால்தான் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிறது. மாறாக, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தை மேலே ஒட்டிப் புற்றுச் செல்லைத் தேடிப் போகும்படி செய்த துகள்கள், பிளாஸ்மாவில் புரதம் படிந்ததும் இலக்கை இனங்காணும் திறனை இழந்துவிடுவதை 2013-இல் டப்ளின் குழுவினர் காட்டினார்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி: வால்வு மாற்றியவருக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்து நானோ மருந்து கொடுக்க நேர்ந்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மருத்துவர் அடிக்கடி எடுக்கச் சொல்வார். அது அல்புமினுக்காக அல்ல. கீமோதெரபியில் பசி போய்ச் சாப்பாடு குறைவதும், வாந்தியும், கூடவே கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளும், கல்லீரலின் நிலையும் வார்ஃபரினின் வேலையைக் கணிசமாக மாற்றும். தட்டணுக்கள் குறைந்தால் கசிவு இன்னும் எளிது. கேட்க வேண்டிய கேள்வி இவற்றைப் பற்றியது.

ஆய்வேட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கேள்வியை ‘நோயாளிக்கு என்ன ஆகும்’ என்பதிலிருந்து ‘துகளின் பரப்பில் உள்ள அல்புமினுக்கு என்ன ஆகிறது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். அது பிழையில்லாத, தேவையான கேள்வி. கொழுப்பு அமிலம் நீக்கிய அல்புமினையே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு புட்டியும் ஒரு விடை சொல்லும். குறுகிய ஒளிப்பாதை உள்ள குவெட்டைப் பயன்படுத்துங்கள். டிரிப்டோஃபேனின் மங்கலை மட்டும் நம்பாமல், அல்புமினில் உட்கார்ந்ததும் வார்ஃபரினே பிரகாசமாக ஒளிர்வதையும் அளந்து பாருங்கள். அதற்கும் உள்வடிப்புத் திருத்தம் வேண்டும். துகளைச் சுழற்சிப் பிரிப்பானில் இறக்கிவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் எவ்வளவு அல்புமின், எவ்வளவு வார்ஃபரின் மிச்சமிருக்கின்றன என்று தனித்தனியே கணக்கெடுத்தால், மருந்து துகளிலேயே ஒட்டியதா என்பது தெரிந்துவிடும். ஒரு தொகுதியையாவது 600 மைக்ரோமோலார் அல்புமினில் செய்து, சமநிலை டயாலிசிஸில் (கட்டற்ற மருந்தை மட்டும் சவ்வு வழியே பிரிக்கும் முறை) கட்டற்ற மருந்தை அளந்து, மாற்றம் இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். டயாலிசிஸுக்கு நேரமில்லாமல் நுண்வடிகட்டியைத் தொடுவதானால், அதற்கு முன் புரதமும் துகளும் இல்லாத வெறும் வார்ஃபரின் கரைசலை அதில் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். சவ்வும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று தெரியாமல் எழுதிய எண்ணை, வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்கள்.